குளிர்காலத்தில் எத்தனை மாடோ, மேட்டுக்கும் அத்தனைதான்: டோர்பெல் என்ற சுவிஸ் கிராமம்

1517-இல், சுவிட்சர்லாந்தின் தெற்கு மலைகளில் இருக்கும் டோர்பெல் என்ற சின்ன ஊரில் ஒரு விதி எழுதி வைத்தார்கள். குளிர்காலம் முழுக்க ஒருவரால் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாடுகளைத்தான் அவர் கோடையில் ஊர்ப் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் ஒரு மாடுகூடக் கூடாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த ஊரின் ஐந்நூறு வருட வாழ்க்கை, நிலம் வைத்துக்கொண்ட விதம், கல்யாண வயது, பாகப்பிரிவினை, வெளியூர்க்காரர் மேல் இருந்த பயம் எல்லாமே ஒவ்வொன்றாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வாலே என்று பிரெஞ்சிலும் வாலிஸ் என்று ஜெர்மனிலும் அழைக்கப்படும் கன்டோனில் (நம் மாநிலம் மாதிரி), ரோன் நதி ஓடும் பெரிய பள்ளத்தாக்கில் ஃபிஸ்ப் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, சுற்றுலாக்காரர்கள் மேட்டர்ஹார்ன் சிகரம் பார்க்கச் செர்மாட்டுக்கு ரயிலேறிப் போகும் அதே வழியில், ஸ்டால்டன் என்ற ஊர் வரும். அதற்கு மேலே, மலைச்சரிவில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் டோர்பெல். மொத்தமே 500 பேர் அளவில் இருக்கிற ஊர். பேசுவது ஜெர்மன்தான், ஆனால் சூரிச்சிலிருந்து வருபவருக்கே சட்டென்று புரியாத பழைய மலை ஜெர்மன். ஊர்ப்பெயரையே அவர்கள் டெர்பில் என்றுதான் சொல்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து என்றால் எங்கும் மழையும் பனியும் கொட்டும் என்று நினைப்போம். இந்தப் பகுதி அப்படி இல்லை. இரண்டு பக்கமும் நிற்கும் உயரமான மலைத்தொடர்கள் மேகங்களை மறித்துவிடுவதால் ஸ்டால்டன் சுற்றுவட்டாரம் நாட்டிலேயே மிகவும் வறண்ட இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 500 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான். மேலே பனி உருகி ஓடும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தால்தான் சரிவில் புல்லே வளரும். அந்த வாய்க்கால்களுக்குச் சுவோனன் என்று பெயர். வாலிஸ் முழுக்க இவை இருக்கின்றன, சில இடங்களில் செங்குத்துப் பாறையில் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டுக்கூடத் தண்ணீரைக் கடத்தியிருக்கிறார்கள். தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை மரக்குச்சிகளில் வெட்டுப் போட்டுக் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் குச்சியைப் பார்த்துத் தன் முறையைச் சொல்லிவிடலாம். இந்த மாதிரிப் பாரம்பரியப் பாசன முறைகளை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

ஊரின் எல்லை பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மூவாயிரம் மீட்டரை நெருங்கும் முகடு வரை செங்குத்தாக ஏறிப் போகிறது, அதனால் ஒரு குடும்பத்தின் நிலமும் அப்படித்தான் படிப்படியாகச் சிதறிக் கிடக்கும். கீழே வெயில் படும் சரிவில் திராட்சை, அதற்கு மேலே ரை தானிய வயல், ஊரைச் சுற்றி வெட்டி உலர்த்தும் புல்வெளி, அதற்கு மேல் காடு, காட்டுக்கும் மேலே கோடையில் மட்டும் மாடு மேயக்கூடிய திறந்த புல்மேடு. இந்தப் புல்மேட்டைத்தான் அவர்கள் ஆல்ப் என்கிறார்கள். மலைத்தொடருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அவர்களுக்கு முதலில் மேய்ச்சல் நிலத்தின் பெயர்! குடும்பம் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. திராட்சைக்குக் கீழே இறங்கணும், புல்லறுக்க மேலே ஏறணும், குளிர்காலத்தில் ஒரு தொழுவத்தில் அடுக்கிய புல் தீர்ந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த தொழுவத்துக்குப் போகணும், ஏனென்றால் அத்தனை புல்லையும் முதுகில் சுமந்து ஓரிடத்தில் சேர்ப்பதைவிட மாட்டை நடத்துவது சுலபம்.

இந்த ஊர் வெளியுலகுக்குத் தெரியவந்தது ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானுடவியலாளரால். அதற்கு முன் நைஜீரியாவின் கோஃப்யார் விவசாயிகளிடம் ஆய்வு செய்தவர், 1970-களின் தொடக்கத்தில் டோர்பெலுக்கு வந்து தங்கி, ஊர் ஆவணங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் புரட்டி, தலைமுறை தலைமுறையாகக் குடும்ப மரங்களைக் கட்டி, 1981-இல் புத்தகமாக எழுதினார். அவர் பார்த்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. இந்த மக்களுக்குத் தனிச்சொத்து என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். திராட்சைத் தோட்டம், ரை வயல், காய்கறித் தோட்டம், புல்வெளி எல்லாம் தனியார் சொத்து. விற்றார்கள், வாங்கினார்கள், 1224-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே நிலம் கைமாறிய தகவல் இருக்கிறது. ஆனால் காட்டையும் மேலே இருக்கும் மேய்ச்சலையும் தரிசையும் மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பின்தங்கியவர்கள் என்பதாலோ, தனிச்சொத்து என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை என்பதாலோ அல்ல. எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

நெட்டிங் இதற்குச் சொல்லும் காரணங்கள் எளிமையானவை. புல்மேட்டில் ஒரு ஏக்கரிலிருந்து கிடைப்பது மிகக் கொஞ்சம். அதுவும் ஒரு வருடம் இந்தப் பக்கம் நன்றாக வளரும், அடுத்த வருடம் பனி தாமதமாக உருகி அந்தப் பக்கம் வளரும், துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் ஒரு வருடத்தில் மொத்தமாக மாட்டிக்கொள்வார். எருப் போட்டு, உழுது, விளைச்சலை இரட்டிப்பாக்கவும் வழியில்லை. வேலி, பாதை, குடிசை எல்லாம் போடுவதென்றால் ஊரே சேர்ந்தால்தான் முடியும். ஆக, பொதுவில் வைப்பதுதான் கணக்குக்கு ஒத்துவந்தது. கீழே இருக்கும் வயலோ நேர் எதிர்: உழைத்தால் விளைச்சல் கூடும், சின்னத் துண்டாக இருந்தாலும் ஒரு குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியும். அது தனியாரிடம் இருந்தது.

சரி, பொதுவில் வைத்தாயிற்று. ஆளாளுக்கு ஒரு மாடு கூட ஓட்டிவிட்டு மேட்டை மொட்டையாக்கிவிட மாட்டார்களா? 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய பிரபலமான கட்டுரை இதைத்தான் சொன்னது. பொது மேய்ச்சலில் கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் லாபம் முழுக்க விட்டவனுக்கு, நஷ்டமோ எல்லோருக்கும் பங்கு, அதனால் ஒவ்வொருவரும் விட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்லே இருக்காது. ஆகவே ஒன்று அரசு எடுத்துக்கொள்ளணும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கணும். படிக்கும்போது மறுக்கவே முடியாது போல இருக்கும் வாதம். ஆனால் டோர்பெல்காரர்கள் அதற்கு நானூற்றைம்பது வருடம் முன்பே அந்தக் கூடுதல் மாட்டைப் பற்றி யோசித்து முடித்திருந்தார்கள்.

குளிர்கால விதி ஏன் இவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று கொஞ்சம் பார்க்கலாம். மேட்டில் எத்தனை மாடு மேயலாம் என்று அளக்க வேண்டுமென்றால் புல் அளவு, மழை, வெயில் என்று வருடாவருடம் சண்டை போடணும். அதை அவர்கள் அளக்கவே இல்லை, அளப்பதற்குச் சுலபமான வேறொன்றை அளந்தார்கள். ஒரு மாடு ஆறு மாதத்துக்கு மேல் தொழுவத்தில் நின்று தின்ன எவ்வளவு காய்ந்த புல் வேண்டும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், யாரிடம் எவ்வளவு புல்வெளி இருக்கிறது என்பதும் தெரியும், குளிர்காலத்தில் யார் தொழுவத்தில் எத்தனை மாடு நின்றது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. வசந்தத்தில் கீழே பள்ளத்தாக்குச் சந்தையில் பத்து மாடு வாங்கி, கோடை முழுக்க ஊர்ப் புல்லில் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்றுக் காசாக்கும் வழி அந்த ஒரே விதியில் அடைபட்டுவிட்டது. மீறுபவருக்கு அபராதம். வசூலிக்க ஊரே ஒரு அதிகாரியை வைத்திருந்தது, கெவால்ட்ஹாபர் என்று பெயர், வசூலாகும் அபராதத்தில் பாதியை அவரே வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பவருக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

குறையும் இருக்கிறது, அதையும் சொல்லணும். அதிகப் புல்வெளி வைத்திருப்பவர் அதிக மாடு அனுப்பலாம், ஒரு மாட்டுக்காரர் ஒரு மாட்டோடு நிற்க வேண்டியதுதான். இது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் விதி அல்ல. மேடு அழியாமல் காக்கும் விதி. ஆனால் சுமையும் அதே விகிதத்தில்தான்: மேட்டுப் பாதையைச் செப்பனிட, பனிச்சரிவு உடைத்த பட்டிகளையும் குடிசைகளையும் திரும்பக் கட்ட, எருவைப் பரப்ப என்று வருடாவருடம் ஊர்வேலை வரும், பெரும்பாலும் அதிக மாடு அனுப்பியவர்தான் அதிகம் கொடுக்கணும், ஆள் வேலையாகவோ பணமாகவோ.

கோடையில் மாடுகளோடு எல்லோரும் மேலே போவதில்லை, கூலிக்கு அமர்த்திய மேய்ப்பரும் பாலாடைக்கட்டி செய்பவரும் மொத்த மந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். எல்லார் மாட்டின் பாலும் ஒரே கொப்பரையில் சேர்ந்துதான் கட்டியாகும், கோடை முடிந்ததும் மாட்டுக் கணக்குப்படி கட்டியும் பங்காகும். மற்றவர்கள் அந்த மூன்று மாதமும் ஊரில் புல்லறுத்துக்கொண்டிருப்பார்கள். மொத்த அமைப்பும் இந்த நேரப் பங்கீட்டில்தான் நிற்கிறது, ஏனென்றால் மாடு கீழேயே மேய்ந்துகொண்டிருந்தால் குளிர்காலத்துக்குப் புல்லும் மிஞ்சாது, அறுக்க ஆளும் மிஞ்ச மாட்டார்.

காடு இன்னும் கவனமாகக் கையாளப்பட்டது. ஊருக்கு மேலே நிற்கும் மரங்களை வெட்டினால் பனிச்சரிவு நேராக வீட்டுக்கு வரும். அதனால் எந்த மரம் வெட்டலாம் என்று ஊர் அதிகாரிகள் அடையாளம் போடுவார்கள், சில வீடுகள் சேர்ந்த குழுக்களுக்குச் சீட்டுக் குலுக்கி மரங்களை ஒதுக்குவார்கள், வெட்டியதைக் குழுவுக்குள் சம அடுக்குகளாகப் பிரித்து, அதையும் சீட்டுப் போட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். அடுக்கும்போது எது தன் கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, எல்லா அடுக்கும் ஒழுங்காகவே அமையும்.

இதையெல்லாம் எலினோர் ஓஸ்ட்ரம் என்ற அரசியல் அறிவியலாளர் படித்தார். ஜப்பான் கிராமங்கள், ஸ்பெயினின் வலென்சியா பாசனம், பிலிப்பைன்ஸ் பாசனக் குழுக்கள் ஆகியவற்றோடு டோர்பெலையும் சேர்த்து, அரசுக்கும் சந்தைக்கும் வெளியே மக்கள் தாங்களே விதி போட்டுப் பொதுவளத்தைப் பல நூறு வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று 1990-இல் நிறுவினார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். 500 பேர் ஊரின் மாட்டுக் கணக்கு அந்தப் பரிசின் பின்னால் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஓஸ்ட்ரமைப் படித்துவிட்டுப் பலர் இந்த ஊரை ஒற்றுமையின் சின்னம் போலப் பேசுகிறார்கள், அங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்துவேன். 1517-க்கு முன்னால் 1483 இருக்கிறது. அந்த வருடம் பிப்ரவரி 1 அன்று ஊரார் கூடிக் கையெழுத்திட்ட ஆவணம் ஆல்ப், காடு, தரிசு ஆகியவற்றைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த ஒரு சங்கத்தை அமைத்தது. அதில் தெளிவாக எழுதியிருக்கிறது: வெளியிலிருந்து வந்து டோர்பெலில் நிலம் வாங்குபவருக்குப் பொது மேய்ச்சலிலோ, மரம் வெட்டவோ எந்த உரிமையும் வராது. காசு கொடுத்து வயல் வாங்கலாம், ஊர்க்காரர் ஆக முடியாது. ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஏற்கெனவே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். உள்ளே கடைப்பிடித்த நியாயம் இந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் நடந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

இந்தப் பழக்கத்தின் தடம் இன்றும் சுவிஸ் நாட்டில் எல்லோர் கையிலும் இருக்கிறது. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் போடுவதில்லை. பூர்வீக ஊர், அதாவது எந்த ஊராட்சியின் குடியுரிமை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதோ அந்த ஊரின் பெயர்தான் இருக்கும். பாட்டனார் காலத்திலேயே கிளம்பிப் போன குடும்பமாக இருக்கலாம், தான் ஒருமுறைகூடப் பார்த்திராத மலைக் கிராமமாகக்கூட இருக்கலாம். புதிதாகக் குடியுரிமை கேட்பவரையும் முதலில் ஓர் ஊராட்சி ஏற்கணும், பிறகு கன்டோன், பிறகு நாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கே குடியேறிச் சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழர்களின் கடவுச்சீட்டிலும் யாழ்ப்பாணம் இருக்காது, அவர்களை ஏற்றுக்கொண்ட சுவிஸ் ஊரின் பெயர்தான் இருக்கும்.

கதவைப் பூட்டினால் உள்ளே கூட்டம் கூடாமலும் பார்க்கணுமே. இங்கே பாகப்பிரிவினை வருகிறது. டோர்பெலில் மூத்த மகனுக்கு மட்டும் என்ற வழக்கம் இல்லை, மகன் மகள் எல்லோருக்கும் சம பங்கு. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் வயல் துண்டாகிக்கொண்டே போகும். வீடும் அப்படித்தான்: மூன்று மாடி மர வீட்டில் கீழ்த்தளம் ஒரு சகோதரருக்கு, மேல்தளம் இன்னொருவருக்கு, தொழுவத்தில் பாதி பாகம், தானியக் களஞ்சியத்தில் கால் பாகம் என்று கணக்கு போகும். (எலி ஏறாமலிருக்கக் கால்களுக்கு மேல் வட்டமான தட்டைக் கல் வைத்து அதன்மேல் தூக்கிக் கட்டிய அந்தக் களஞ்சியங்கள் வாலிஸ் ஊர்களில் இன்றும் நிற்கின்றன.) பெற்றோர் சொத்தைப் பிள்ளைகள் ஓரளவு வயதான பிறகே பிரிப்பார்கள், கையில் பங்கு வரும்வரை கல்யாணமும் தள்ளிப்போகும். பலர் கடைசிவரை கல்யாணமே செய்யவில்லை, பலர் ஊரைவிட்டே போனார்கள். படத்தில் பார்க்கும் அமைதியான கிராமத்தின் விலையில் இதுவும் அடக்கம். உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் சோறு கொஞ்சம் தாராளமானது, 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையும் ஏறியது. அதுவரை வயிறு நம்பியிருந்தது ரை ரொட்டியை. ஊர்ப் பொது அடுப்பில் குடும்பங்கள் முறை வைத்து வருடத்தில் சில தடவை மட்டும் மொத்தமாகச் சுடுவார்கள், பல மாதம் வைத்திருக்கும் அந்த ரொட்டி கல்லாகிவிடும், வெட்டித்தான் தின்னணும்.

பெண்கள் சொத்தில் சம பங்கு பெற்றார்கள் என்றேன். ஆனால் ஊர்க்கூட்டத்தில் வாக்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை 1971-இல்தான் வந்தது, வாலிஸ் கன்டோனில் அதற்கு ஒரு வருடம் முன்பு. நிலம் இருந்தும், புல்லறுத்தும், மாடு கறந்தும், அந்த மாட்டைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நானூறு வருடத்துக்கு மேல் அவர்கள் கை உயரவில்லை. நேரடி ஜனநாயகம் என்று கொண்டாடும்போது இதை மறக்கக் கூடாது. இந்தத் தடையில் முதல் கீறல் விழுந்ததும் இதே மலைப்பகுதியில் உள்ள உண்டர்பேக் என்ற கிராமத்தில்தான். 1957 மார்ச்சில், பெண்களையும் குடிமைப் பாதுகாப்புச் சேவைக்குக் கட்டாயப்படுத்தலாமா என்று நாடு தழுவிய வாக்கெடுப்பு வந்தது. எங்களைப் பற்றிய விஷயத்தில் எங்களுக்கே வாக்கு இல்லையா என்ற கேள்வி எழ, அந்த ஊராட்சி துணிந்து பெண்களையும் அனுமதித்தது. கத்தரீனா ட்சென்ஹாய்சர்ன் முதலில் வாக்குப் போட்டார், மொத்தம் 33 பெண்கள். அந்த வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன, ஆனால் போடப்பட்டுவிட்டன.

அப்புறம் தொழிற்சாலை வந்தது. செர்மாட் ரயில் பாதை 1891-இல் திறந்தது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோன்சா நிறுவனம் ஃபிஸ்ப்பில் இரசாயன ஆலை போட்டது. மேல் வாலிஸ் கிராமங்களில் ஒரு புது வகை மனிதர் உருவானார், பாதித் தொழிலாளி பாதி விவசாயி: கீழே ஆலையில் ஷிப்ட் முடித்து, மேலே ஏறி வந்து இருட்டும் முன் புல்லறுப்பவர், அவர் இல்லாத நேரத்தில் மாட்டையும் நிலத்தையும் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அதே ஃபிஸ்ப் ஆலையில்தான் 2021-இல் மாடர்னா கோவிட் தடுப்பூசியின் மூலப்பொருள் தயாரானது. மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து ஏறினால் ஊர், இறங்கினால் உலகின் பெரிய மருந்துத் தொழில். 2007-இல் லோட்ஷ்பெர்க் அடிமலை ரயில் சுரங்கம் திறந்த பிறகு தலைநகர் பெர்னே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

பணம் கீழே கிடைக்க ஆரம்பித்ததும் வருமானத்துக்கு மாட்டை நம்ப வேண்டியதில்லை. இன்று இந்த மலை ஊர்களில் சச்சரவு வீட்டைப் பற்றியது. நகரத்துக்காரர்கள் விடுமுறைக்காக வாங்கிப் போட்ட வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. 2012-இல் ஓர் ஊராட்சியில் இத்தகைய இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நாடு மிகக் குறுகிய பெரும்பான்மையில் முடிவு செய்தது. வாலிஸ் மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தார்கள். வெளியூர்க்காரருக்குக் கதவடைத்தவர்களின் வழிவந்தவர்களா இவர்கள் என்று தோன்றும், ஆனால் கட்டட வேலையும் நில விற்பனையும்தான் அங்கே பலருக்குச் சோறு. இதே கன்டோனில் சுமார் 240 பேர் மட்டுமே இருந்த அல்பினென் என்ற ஊர் 2017-இல் இன்னொரு படி போனது: 45 வயதுக்குக் குறைவானவர்கள் வந்து வீடு கட்டியோ வாங்கியோ பத்து வருடம் தங்கினால் பெரியவருக்குத் தலைக்கு 25,000 பிராங்க், குழந்தைக்கு 10,000 பிராங்க் தருவதாக ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அன்று வருபவரைத் தடுக்க ஆவணம் எழுதிய மலைகளில் இன்று வருபவருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

மேட்டுக்கும் இதேதான் நடக்கிறது. மேய்ச்சலுக்கு ஏற்றும் மாடுகளுக்கு இப்போது மத்திய அரசே மானியம் தருகிறது, அதன் கணக்கு அலகும் பழைய ஊர்க் கணக்கின் வாரிசு மாதிரியே இருக்கிறது: ஒரு மாடு மேட்டில் நூறு நாள் மேய்ந்தால் ஒன்று என்று எண்ணுகிறார்கள். ஆல்ப் மேய்ச்சல் பருவமும் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் செங்குத்துச் சரிவில் நீண்ட பிடி அரிவாளோடு நிற்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. 1517-இல் பயந்தது கூடுதலாக வரும் ஒரு மாட்டுக்கு, இப்போது பயம் வராத மாட்டுக்கு. மேயாமல், அறுக்காமல் விட்ட சரிவில் சில வருடங்களில் புதர் வரும், புதருக்குள் லார்ச் மரக் கன்று முளைக்கும். ஆல்ப்ஸ் பகுதியில் காட்டுப் பரப்பு வருடாவருடம் கூடுவதற்கு முக்கியக் காரணம் இது. சுவிஸ் வனச் சட்டப்படி ஓரிடம் காடு என்று ஆகிவிட்டால் அனுமதியில்லாமல் அதை அழித்துத் திரும்பப் புல்வெளி ஆக்க முடியாது, மாடு மறுபடி வந்தாலும்கூட.